ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறுங்கள்: அமெரிக்காவைக் காரில் கடக்கும் இருவருக்கு

சியாட்டிலில் தொடங்கி பாஸ்டனில் முடியும் ஐ-90 நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 3,020 மைல். இருவர் மாறி மாறி ஓட்டினால் ஒரு வாரத்தில் தாராளமாக முடிந்துவிடும். ஆனால் நடுவில் பூங்காக்களையும் நகரங்களையும் சேர்க்க ஆரம்பித்ததும் மைல் கணக்கு மளமளவென்று ஏறும். நெடுஞ்சாலையை விட்டு விலகிப் பூங்காவுக்குப் போய், போன வழியே திரும்பி வருவதுதான் இதற்கு முக்கியக் காரணம். அதனால் திட்டம் போடும்போது எங்கள் முதல் விதி இது: முடிந்த இடத்திலெல்லாம் பூங்காவையே அன்றைய பாதையாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேற வேண்டும்.

தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். கிழக்கிலிருந்து வந்தால் ஐ-90-இல் எக்ஸிட் 131-இல் இறங்கி, 240-ஆம் எண் சாலையில் பூங்காவைக் கடந்து, வால் ஊரில் எக்ஸிட் 110-இல் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். மேற்கிலிருந்து வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யலாம். மேற்கு நோக்கிப் போகும்போது மாலையில் நுழைவது நல்லது. கடைசியில் வரும் பினக்கிள்ஸ் காட்சிமுனையில் சூரியன் சாயும் நேரத்துக்கு வந்து சேரலாம்.

அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்டும் இப்படித்தான். அங்கே பூங்காச் சாலை 28 மைல். மேற்கு நோக்கிப் போனால் ஐ-40-இல் எக்ஸிட் 311-இல் இறங்கி, தெற்கு வாசலில் வெளியேறி, 180-ஆம் சாலையில் ஹோல்புரூக் வந்து சேரலாம். கிழக்கு நோக்கிப் போனால் ஹோல்புரூக்கில் எக்ஸிட் 285-இல் இறங்குங்கள். இந்தப் பூங்காவின் கதவுகளை இரவில் மூடிவிடுவார்கள். மாலை தாமதமாகப் போய்ச் சேரும்படி திட்டமிட்டால் வீணாகும்.

யெல்லோஸ்டோனுக்கு கோடி ஊர் வழியாகக் கிழக்கு வாசலில் நுழைந்து, தெற்கு வாசலில் வெளியேறினால் நேராக கிராண்ட் டீட்டான் பூங்காவுக்குள் போய்விடலாம். உள்ளே எட்டு வடிவில் ஓடும் கிராண்ட் லூப் சாலை 142 மைல். வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல். காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றால் அதுவும் கிடையாது. வரைபடத்தில் ஒரு மணி நேரம் என்று காட்டினால் இரண்டு மணி நேரமாக எண்ணிக்கொள்ளுங்கள். கோடி ஊரில் அறை எடுத்து, தினமும் போய் வரலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கோடியிலிருந்து கிழக்கு வாசலுக்கே 50 மைலுக்கு மேல். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று அதையும் தாண்டி வெகுதூரம். நடுவில் ஓரிரு இரவாவது பூங்காவுக்குள்ளோ, வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலோ தங்குங்கள். கரடி, ஓநாய், மலைச்சிங்கம் ஆகியவற்றிடமிருந்து 100 கெஜமும், காட்டெருமை, எல்க் என்னும் பெரிய மான் போன்ற மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜமும் விலகி நிற்பது அங்கே சட்டம்.

யூட்டாவில் இந்த விதி மிக அழகாகப் பலிக்கும். ஐ-70-ஐ விட்டு 24-ஆம் சாலையில் இறங்கினால் அதுவே கேபிடல் ரீஃப் பூங்காவின் நடுவே போகிறது. டோரியில் 12-ஆம் சாலைக்குத் திரும்பினால் போல்டர், எஸ்கலாண்டே வழியாக பிரைஸ் கேன்யன். பிறகு 89, 9-ஆம் சாலைகளில் சயான் பூங்காவின் கிழக்கு வாசல். ஸ்பிரிங்டேலில் வெளியேறி ஐ-15-ஐப் பிடிக்கலாம். நாட்டிலேயே இதற்கு ஈடான சாலைத் தொடர் வேறில்லை என்பது எங்கள் கருத்து. பிரைஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே பூங்காச் சாலை 18 மைலில் முடிந்துவிடும். நிற்காமல் முதலில் கடைசியிலுள்ள ரெயின்போ பாயின்டுக்குப் போய்விடுங்கள். காட்சிமுனைகள் எல்லாம் சாலையின் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. திரும்பும்போது அவை வலப்பக்கம் வரும், எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. சயானின் கிழக்கு வழியில் 1930-இல் திறந்த 1.1 மைல் சுரங்கம் இருக்கிறது. ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டியை எடுத்துப் போகிறவர்கள் கவனிக்கவும்: வண்டி 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ, 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் இந்த வழியை மறந்துவிட்டுச் சுற்றிப் போகத் திட்டமிடுங்கள்.

எப்போது கிளம்புவது என்பதை முடிவு செய்வது மலைச்சாலைகளில் கிடக்கும் பனி. ராக்கி மவுண்டனின் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது, வழக்கமாக மே கடைசியில் திறக்கும். யோசமிட்டியின் டியோகா கணவாய் 9,943 அடி. கிளேசியர் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலை முழுதாகத் திறக்கப் பல ஆண்டுகளில் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் ஆகிவிடும். யெல்லோஸ்டோனில் வடக்கு, வடகிழக்கு வாசல்களை இணைக்கும் சாலை தவிர மற்றவை நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் பாதி வரை கார்களுக்கு மூடிக் கிடக்கும். எல்லாம் திறந்திருக்கும் ஜூலை, ஆகஸ்டில் போகலாமே என்றால், அப்போது தென்மேற்குப் பாலைநிலம் கொதிக்கும். பிற்பகல் மழையில் குறுகலான பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளமும் வரும். ஆகவே மே, ஜூனில் கிளம்பினால் தெற்கை முதலில் முடித்து வடக்கே ஏறுங்கள். செப்டம்பரில் கிளம்பினால் வடக்கை முதலில் முடித்துத் தெற்கே இறங்குங்கள். எங்கள் ஓட்டு செப்டம்பருக்கே. முதல் திங்களன்று வரும் லேபர் டே கழிந்ததும் பள்ளிப் பிள்ளைகளோடு வரும் கூட்டம் குறைந்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்? மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை மட்டும் என்றால் 400 மைல் வசதியான அளவு. சாப்பாடு, பெட்ரோல், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 55 மைல் என்றே கணக்குப் போடுங்கள். வேக வரம்பு 80 என்று பலகை சொல்வதை வைத்துக் கணக்குப் போட்டால் இரவில்தான் அறைக்குப் போய்ச் சேர்வீர்கள். பூங்கா நாளென்றால் 100 மைல் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாற வேண்டும், களைப்பு தெரிந்த பிறகு மாறுவது தாமதம். ஓட்டாதவருக்கும் வேலை உண்டு: அடுத்த பெட்ரோல் எங்கே, டோல் வருகிறதா, முன்னால் மழையா என்று பார்த்துச் சொல்வது. மேற்கு மாநிலங்களில் அந்தி மங்கும் நேரத்தில் ஓட்டுவதைத் தவிருங்கள். மான்களும் எல்க்குகளும் சாலைக்கு வரும் நேரம் அது. மேற்கு நோக்கிப் போனால் அதே நேரம் சூரியனும் கண்ணில் அடிக்கும்.

மேற்கே போகும்போது ஒவ்வொரு நேர மண்டலத்தைத் தாண்டும்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நீண்ட ஓட்டத்தை அந்த நாளில் வையுங்கள். அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நேஷன் மாற்றிக்கொள்கிறது. பேஜ் ஊர்ப் பக்கம் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஆன்டிலோப் கேன்யனுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும் என்பதால், முன்பதிவு செய்யும்போதே எந்த நேரக் கணக்கு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கட்டணத்துக்கு ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ ஆண்டு பாஸ் வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். பெரிய பூங்காக்கள் பலவற்றில் ஒரு காருக்கு 35 டாலர் என்பதால் மூன்றாவது பூங்காவிலேயே காசு திரும்பிவிடும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், சயான், யோசமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களுக்கு வந்தால், 16 வயதும் அதற்கு மேலும் ஆன அத்தகைய வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் கூடுதலாக 100 டாலர் கட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப் போவதாக இருந்தால் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ் செல்லாத இடங்களும் உண்டு. மவுண்ட் ரஷ்மோரில் நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்குத் தனியே வாங்குவார்கள். கிரேட் ஸ்மோக்கியில் 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் ஒரு நாளைக்கு 5 டாலர் பார்க்கிங் சீட்டு வேண்டும். மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் நிலம், தேசியப் பூங்கா அல்ல. அங்குள்ள 17 மைல் சுற்றுச்சாலை மண்பாதை. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதையைத் தடை செய்கின்றன, படித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பெட்ரோலில் பலரும் கவனிக்காத ஒன்று ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண். கிழக்கில் ‘ரெகுலர்’ என்றால் 87. யூட்டா, வயோமிங், கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் அதே பெயரில் 85 விற்கிறார்கள். காற்று மெல்லியதாக இருக்கும் உயரத்தில் பழைய கார்புரேட்டர் எஞ்சின்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய எஞ்சின்களுக்கு, குறிப்பாக டர்போ உள்ளவற்றுக்கு, கையேட்டில் 87 என்று போட்டிருந்தால் நடுப் பொத்தானை அழுத்தி 87-க்குக் குறையாததைப் போடுங்கள். 85 நிரப்பிக்கொண்டு மலையிறங்கி வெயில் சமவெளியில் ஓடினால் எஞ்சின் தட்டும். பாதி டேங்க் ஆனதும் நிரப்புவது மேற்கில் நல்ல பழக்கம். ஐ-70-இல் யூட்டாவின் கிரீன் ரிவரைத் தாண்டினால் சலைனா வரை 100 மைலுக்கு மேல் ஒரு கேஸ் ஸ்டேஷன்கூட இல்லை. கிளேசியர், சயான், ராக்கி மவுண்டன் பூங்காக்களுக்குள்ளும் பெட்ரோல் கிடைக்காது. கைப்பேசிச் சிக்னலும் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முந்தின இரவே இறக்கி வையுங்கள்.

டயர் அழுத்தம் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. மாறும். சமவெளியில் 90 டிகிரியில் 35 வைத்த டயர், 40 டிகிரி காலையில் 30-க்கு வந்துவிடும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, ஓட்டத் தொடங்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பேட் சூடேறிப் பிடிமானம் போகும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை இறங்கும். கியரை ‘எல்’ அல்லது குறைந்த எண்ணில் போட்டு எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விடுங்கள்.

சாப்பாட்டுக்குச் சின்ன ரைஸ் குக்கர் போதும், அறையில் சமைக்க அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தாளிப்பை வீட்டிலேயே முடித்து, புளிக்காய்ச்சலாகவும் தொக்காகவும் எடுத்துப் போனால் புகை அலாரம் அலறாது. கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி. அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அரிசிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தண்ணீரும் நேரமும் வேண்டும், குக்கர் அணைந்த பிறகும் கால் மணி நேரம் மூடியபடி விடுங்கள். பிரஷர் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு எளிதில் வேகாது, பாசிப்பருப்பு எடுத்துப் போங்கள். ஐஸ் பெட்டிக்குச் சில்லு ஐஸைவிடக் கட்டி ஐஸ் அதிக நேரம் தாங்கும். யோசமிட்டியில் இரவில் காருக்குள் உணவு வைக்கக் கூடாது. கரடி கதவைப் பெயர்த்துவிடும். ஊறுகாய், பற்பசை, சோப்பு என வாசனையுள்ள எல்லாம் அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.

கலிஃபோர்னியா எல்லையில் வேளாண் சோதனைச் சாவடியில் பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் இதில் சேரும். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும். எல்லைக்கு முன்பே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

நகரங்களில் கார் ஒரு சுமை. சிகாகோவில் ரோஸ்மான்ட், கம்பர்லேண்ட் ரயில் நிலையங்களில் காரை விட்டு, புளூ லைனில் ஊருக்குள் போகலாம். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே காரில் நுழைந்தாலே 2025 ஜனவரியிலிருந்து நெரிசல் கட்டணம். நியூ ஜெர்சியில் நிறுத்திவிட்டு ரயிலேறுவதே மேல். இருக்கையில் ஒரு பைகூடத் தெரியக் கூடாது. சாமான் நிரம்பிய காராக இருந்தால் முதலில் அறையில் இறக்கிவிட்டு, பிறகு ஊர் சுற்றக் கிளம்புங்கள். ஐ-90-இல் இல்லினாய் முதல் பாஸ்டன் வரை டோல் அதிகம். டோலைத் தானாகக் கட்டும் ஈ-இசட்பாஸ் கருவி உங்களிடம் இருந்தால் வாடகைக் காரின் எண்ணைப் பயண நாட்களுக்கு மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்து, வாடகை நிறுவனம் காரில் வைத்திருக்கும் டோல் கருவியின் பெட்டியை மூடிவிடுங்கள். இல்லையென்றால் டோலுக்கு மேல் நாள் கட்டணமும் விழும். இரண்டாவது ஓட்டுநரின் பெயர் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கணவன் மனைவிதானே என்று விட்டுவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீடு கைவிடலாம்.

விசாவில் இருப்பவர்கள் தெற்கு வழியில் போனால் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் நகலும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். டெக்சஸில் ஐ-10-இல் சியரா பிளாங்கா, நியூ மெக்சிகோவில் வைட் சாண்ட்ஸ் அருகே 70-ஆம் சாலை, டெக்சஸின் பிக் பெண்ட் பூங்காவிலிருந்து வடக்கே வரும் சாலைகள் என எல்லைக்காவல் சோதனைச் சாவடிகள் உள்நாட்டிலேயே இருக்கின்றன. எந்த நாட்டுக் குடிமக்கள் என்று கேட்பார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அசல் அட்டையையே வைத்திருக்க வேண்டும், கைப்பேசியில் எடுத்த படம் போதாது.