வரிசை எங்கே இறங்க வேண்டும்: ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் ஒரு ஜாஸ் பயிற்சிக் குறிப்பு

கடந்த ஆண்டின் இறுதியிலிருந்து ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் ஜாஸ் மனோதர்மத்துக்காக, அதாவது வாசிக்கும்போதே கற்பனையாக இசையைக் கட்டுவதற்காகச் செய்துவரும் வரிசைப் பயிற்சி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை, இதே வழியில் முயல்கிற வேறு யாருக்காவது உதவக்கூடும் என்று கருதி எழுதிவைக்கிறேன். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பக்கத்தில் ஜாஸ் வாசிக்கும் கூட்டாளி எவரும் இல்லாததால் பின்னணி இசைக்குக் கைப்பேசிச் செயலியையே நம்பியிருக்கிறேன். தாமான் எனப்படும் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே சுவர் என்பதால் அங்கே ஊத இயலாது. ஆகவே செம்பனைகளுக்கு நடுவே நிற்கும் பழைய தோட்ட மண்டபத்தில், வேலை முடிந்து பசியாறிய பிறகு வாசிக்கிறேன். மாலை மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் மெட்ரோனோம், அதாவது வேகத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் கருவி, காதில் விழாது என்பது ஒன்றுதான் அந்த இடத்தின் குறை.

சிறுவயதில் கோயிலில் தேவாரத்தோடு சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடிப் பழகியவர்களுக்குச் சுரங்களைக் கோவையாக்கி ஏற்றி இறக்குவது புதிய செய்தியல்ல. ஜாஸ் கலைஞர்களும் ஏறக்குறைய அதையே செய்கிறார்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரியது: நமது இசையில் ஆதார ஷட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மேல் வரிசை ஓடுகிறது, ஜாஸிலோ கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, ஒவ்வொரு பாரிலும் (நான்கடிச் சுற்றிலும்) மாறக்கூடும் என்பதால், சென்ற பாரில் நிம்மதியாக நின்ற சுரம் அடுத்த பாரில் உறுத்தலாகிவிடும். ஆல்ட்டோவில் கர்நாடக இசையை முழுமையாக நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத் (1949–2019), ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் ஜாஸ் ஆல்ட்டோ கலைஞரோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ தொகுப்பைக் கேட்டால், ஒரே கருவியில் இரண்டு இலக்கணங்கள் எதிரெதிரே நின்று பேசுவதை உணரலாம். எங்கள் ஊரில் சாக்ஸஃபோனைக் கையில் எடுத்தாலே 1994இல் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டை வாசிக்கச் சொல்வார்கள். அதை ஊதியதும் கத்ரி கோபால்நாத்தான்.

நான் எடுத்துக்கொண்ட முதல் வரிசை நான்கு சுரங்களால் ஆனது: கார்டின் மூலச் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு ச, ரி, க, ப. ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவுசெய்து அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ உருப்படியின் தனி வாசிப்பில் இந்த நான்கு சுரக் கோவை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. அந்த உருப்படி பி, ஜி, ஈ ஃபிளாட் என்னும் மூன்று ஆதாரங்களுக்கிடையே மிக வேகமாகத் தாவுவது. பெரும்பாலான கார்டுகள் இரண்டே அடிகள்தான் நிற்கும். இரண்டு அடிகளில் நான்கு அரையடிச் சுரங்கள் அடங்கும் என்பதால், கார்டு இன்னதென்று ஐயமின்றிக் காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவ இந்தக் கோவை அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது.

இதைச் சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று நான்காம் சுரத்துக்கு நகரும் வட்டத்தில் பன்னிரண்டு ஆதாரங்களிலும் பழகினேன். தாளில் எழுதினால் எல்லாம் ஒரே கணக்குத்தான், விரல்களுக்கு அப்படியன்று. டி ஃபிளாட் ஆதாரத்தைக் கீழ் ஸ்தாயியில் எடுத்தால் இடக்கைச் சுண்டுவிரல் ஓய்வின்றிச் சாவிகளுக்கிடையே வழுக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆல்ட்டோவின் விரல்கணக்கில் பி ஃபிளாட்டுக்குக் கீழே சுரமே இல்லை என்பதால், இறங்கும் வரிசை அங்கே வந்ததும் மடங்கி மேல் ஸ்தாயிக்கு ஏற வேண்டும். இவையெல்லாம் பழகப் பழகச் சீராகிவிட்டன. அதில் விரித்துரைக்க ஒன்றுமில்லை.

விரல்கள் சீரான பிறகு பன்னிரண்டு பார்களில் சுழலும் புளூஸ் என்னும் வடிவத்தைப் பின்னணியாக ஓடவிட்டு வாசித்தபோதுதான் பயிற்சியின் எல்லை தெரிந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் உரிய நான்கு சுரங்கள் உரிய இடத்தில் ஒலித்தன. ஒரு சுரமும் பிசகவில்லை. ஆயினும் கேட்பதற்கு அது அடுத்தடுத்து ஒட்டிவைத்த பயிற்சித் துண்டுகளாகவே இருந்தது. கோயில் திருவிழாவுக்கு நாகஸ்வரம் வாசிக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் மண்டபத் திண்ணையில் அமர்ந்து சற்று நேரம் கேட்டார்.

“விரல் நல்லாத்தான் ஓடுது தம்பி. எங்க போய் நிக்கணும்னுதான் அதுக்குத் தெரியல. நாங்க கல்பனை சுரம் வாசிச்சா பாட்டு தொடங்குற எடுப்புல வந்து சேர்றதுதானே கணக்கு?”

“ஆமாங்கய்யா. ஆனா இதுல வந்து சேர்ற இடம் பாருக்குப் பார் மாறுதுங்க.”

“அப்போ அந்த இடத்த மட்டும் முதல்ல பாடிக் காட்டுங்க, பார்ப்போம்.”

என்னால் பாட இயலவில்லை என்பதே அடுத்த கட்டப் பயிற்சியைத் தீர்மானித்தது. ஜாஸ் பயிற்சி நூல்கள் வழிகாட்டிச் சுரங்கள் என்று குறிப்பிடுவது இதைத்தான்: ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமுமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன, கார்டு மாறும்போது அவை பெரும்பாலும் அரைச்சுர அளவே நகர்ந்து அடுத்த கார்டின் வழிகாட்டிச் சுரங்களாகின்றன. படித்தபோது வறட்டு விதியாகத் தோன்றிய இது, புளூஸின் ஆதாரத்தை அசையாத ஷட்ஜமாக வைத்துச் சுரப்பெயர் சொல்லிப் பார்த்ததும் என் காதுக்கு முற்றிலும் பழகிய மொழியாக மாறியது.

ஆல்ட்டோவில் சுரத்துக்குச் சொல்லும் பெயர் ஒன்று, ஒலிப்பது வேறொன்று என்பதால், பேண்டுகளில் வழக்கமான எஃப் புளூஸ் ஆல்ட்டோ வாசிப்பவருக்கு டி புளூஸாக அமையும். டியை ஷட்ஜமாகக் கொண்டால், முதல் நான்கு பார்களில் நிற்கும் டி7 கார்டு அந்தர காந்தாரமும் (உயர்ந்த காந்தாரம்) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நிஷாதம்) கொண்டது. அதாவது ஹரிகாம்போதி ராகத்தின் களம். ஐந்தாம் பாரில் ஜி7 வந்தவுடன் அதன் ஏழாம் சுரமான எஃப் நமக்குச் சாதாரண காந்தாரம். அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாவதுதான் புளூஸின் முதல் பெரிய திருப்பம். ஏழாம் பாரில் அந்தர காந்தாரம் மீள்கிறது. ஜாஸ் வாசிப்பவர்கள் எட்டாம் பாரில் நுழைக்கும் பி7 கார்டின் மூன்றாம் சுரம் டி ஷார்ப், அதாவது சுத்த ரிஷபம். அது ஒன்பதாம் பாரின் ஈ மைனர் 7க்குள் சதுச்ருதி ரிஷபமாக ஏறத் துடிக்கிறது. பத்தாம் பாரில் ஏ7 வரும்போது சி ஷார்ப், காகலி நிஷாதமாக (உயர்ந்த நிஷாதமாக), ஷட்ஜத்தை நோக்கி இழுக்கிறது. இப்படிப் பார்த்தால் பன்னிரண்டு பார்களின் கதையும் காந்தாரம், ரிஷபம், நிஷாதம் ஆகிய மூன்றும் எப்போது எந்த வடிவம் எடுக்கின்றன என்பதில் அடங்கிவிடுகிறது. கருவியைத் தொடாமல், செயலியின் பின்னணிக்கு மேல் இந்தச் சுரங்களை மட்டும் பாருக்கு ஒன்றாகப் பாடுவதையே சில வாரங்கள் முதற்பயிற்சியாக வைத்துக்கொண்டேன். ஐந்தாம் பாரின் சாதாரண காந்தாரம் தானாகவே தொண்டையில் வந்து நின்ற பிறகே சாக்ஸஃபோனை எடுத்தேன்.

அதன் பிறகு வரிசையைப் பின்னிருந்து முன்னாகக் கட்டினேன். இறங்கவேண்டிய சுரத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கு முந்தைய இரண்டு அடிகளை மட்டும் நிரப்புவதே வேலை. ச, ரி, க, ப என்னும் நான்கு சுரங்களை இருபத்துநான்கு விதமாக மாற்றி அடுக்கலாம். நான்காம் பாரின் இறுதியில் அந்த இருபத்துநான்கும் சமமல்ல. சாதாரண காந்தாரத்துக்கு மேலே அரைச்சுரத்தில் அந்தர காந்தாரமும் கீழே அரைச்சுரத்தில் சதுச்ருதி ரிஷபமும் இருப்பதால், “க ரி” என்று முடிகிற அடுக்கு ஐந்தாம் பாரின் எஃப் சுரத்தை மேலும் கீழும் சூழ்ந்துகொண்டு அதன்மேல் இறங்குகிறது. அப்படி முடிபவை “ச ப க ரி”, “ப ச க ரி” ஆகிய இரண்டே. ஏ, டி, எஃப் ஷார்ப், ஈ என்று வாசித்து ஐந்தாம் பாரின் முதல் அடியில் எஃப் எடுத்தபோது, அதே நான்கு சுரங்கள் முதன்முறையாக ஒரு வாக்கியமாகக் கேட்டன. எல்லா அடுக்குகளையும் எல்லா ஆதாரங்களிலும் மனனம் செய்வதைவிட, ஓரிடத்துக்கு இந்த இரண்டு போதும் என்று தேர்ந்துகொள்வதே மனோதர்மத்துக்கு அருகில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இதை மறுப்போர் இருக்கலாம். அடுக்குகள் எல்லாமே விரலில் இருந்தால்தான் தேர்வுக்கே இடம் என்பார்கள். வாரத்தில் சில மணி நேரமே ஊதக் கிடைக்கும் என்னைப் போன்றவர்க்கு அந்த வழி நீளமானது.

இதே நோக்கில் பயின்ற இன்னொன்று பீபாப் ஸ்கேல் எனப்படும் எட்டுச் சுர அவரோகணம். டி7 கார்டின்மேல் ஹரிகாம்போதியின் ஏழு சுரங்களையும் அரையடிக்கு ஒன்றாக மேல் ஷட்ஜத்திலிருந்து இறக்கினால், முதல் அடியில் ஷட்ஜம் விழுந்த பிறகு, இரண்டாம் அடியில் தைவதம், மூன்றில் மத்யமம், நான்கில் ரிஷபம் என்று கார்டைச் சாராத சுரங்களே அடிகளில் அமரும். ஷட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் இடையில் காகலி நிஷாதத்தை வழிச் சுரமாகச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிறது: ச, கைசிகி நி, ப, அந்தர க ஆகிய கார்டுச் சுரங்கள் நான்கும் நான்கு அடிகளிலும், மற்றவை அடிகளுக்கு இடையிலும் விழும். கமாஸ் ராகத்திலும் இரு நிஷாதங்களும் வருவதால் என் காது முதலில் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் கமாஸில் காகலி நிஷாதம் ராகத்தின் சாயலுக்காக வருகிறது. இங்கே அது தாளத்தில் ஓர் இடத்தை நிரப்பவே வருகிறது என்பதால், அதன்மேல் கமகம் (சுரத்தை அசைத்தல்) கொடுக்காமல் தொட்டுவிட்டு நகர வேண்டும். விரலைக் கட்டுப்படுத்துவதைவிட இந்தக் கட்டுப்பாடு எனக்குக் கடினமாக இருந்தது.

தாளத்தைப் பற்றி இரண்டு செய்திகள். ஸ்விங் நடையில் ஓர் அடியின் இரண்டு அரைகளும் சமமல்ல. நடுத்தர வேகத்தில் அடியைத் திஸ்ரமாக மூன்றாகப் பகுத்து, முதல் சுரத்துக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் தருவதாக எண்ணிக்கொள்ளலாம். வேகம் கூடக்கூட இவ்வேறுபாடு குறைந்து சமத்தை நெருங்கும். மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் ஒலியை இரண்டாம், நான்காம் அடிகளாகக் கொண்டு வாசித்தால் உண்மையான வேகம் 120. ஒன்றாம், மூன்றாம் அடிகளை வாசிப்பவரே சுமக்க வேண்டியிருப்பதால் நடை சோர்ந்தால் உடனே தெரிந்துவிடும். நான்கு சுரக் கோவை நான்கடி பாரில் வெகு எளிதாக அமர்வதால் வரும் சலிப்பைப் போக்க, ப, க, ரி என்று மூன்று சுரக் கோவையாகச் சுருக்கி இடைவெளியின்றித் தொடர்ந்தேன். மூன்று பார்களின் இருபத்துநான்கு அரையடிகளில் எட்டுக் கோவைகள் அடங்கி, நான்காம் பாரின் முதல் அடியில் சரியாக வந்து சேரும். கணக்கிட்டு ஓரிடத்தில் வந்து முடியும் கோர்வை கேட்டு வளர்ந்த காதுக்கு இது மிக எளிது. முழுப் பயிற்சியிலும் சிரமமின்றி வாய்த்த ஒரே பகுதி இதுதான் என்றே சொல்லலாம்.

இப்போதைய நிலை இது. டி புளூஸில் 120 வேகத்தில் ஐந்தாம், பத்தாம் பார்களுக்கு எண்ணாமலே வந்து இறங்குகிறேன். 140இல் பத்தாம் பார் சில வேளை நழுவுகிறது. எட்டாம் பார்தான் இன்னும் தடை. பி7 கார்டின் கோவை பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப். நடு ஸ்தாயியில் சி ஷார்ப்புக்கு எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு, அடுத்த டி ஷார்ப்புக்கு மேல் ஸ்தாயிக்கு மாற்றும் ஆக்டேவ் சாவியோடு ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒருசேர மூட வேண்டியிருப்பதால், அந்த இடத்தில் காற்று உடைந்துவிடுகிறது. சி ஷார்ப்பை விட்டுவிட்டு பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப் ஆகியவற்றோடு நிறுத்தி, அங்கிருந்து அரைச்சுரம் ஏறி ஒன்பதாம் பாரின் ஜியில் இறங்கினால் காற்றும் உடைவதில்லை, கார்டும் கெடுவதில்லை. ஓர் அரையடி மௌனம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருப்பதால் இப்போதைக்கு அப்படியே வாசிக்கிறேன். அடுத்து எடுக்கவிருப்பது ஆல்ட்டோவின் ஜி புளூஸ். அங்கே எட்டாம் பாரில் வரும் ஈ7 கார்டின் நான்கு சுரங்களும் ஆக்டேவ் சாவி இன்றியே கீழ் ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஜி ஷார்ப்புக்காக இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.