பக்கத்துல என்ன இருக்கு?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பிரியாணி கொண்டு வந்த பஞ்சாபிப் பையன் போன் பண்ணான். "பாய்ஜி, மேப்ல நீங்க இருக்கிற இடத்துல வெறும் புல்லுதான் இருக்கு." நான் வாசல்ல நின்னு போர்ச் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன், அவன் கார் லைட்டு எனக்கு நல்லாத் தெரியுது, நடுவுல ஒரு காலி பிளாட்டும் கம்பி வேலியும்தான், ஆனா ரோடு இன்னும் சேரல. "ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க"ன்னான். சுத்திப் பாத்தேன். எதுத்தாப்ல பாதி மரச்சட்டம் நிக்கிற வீடு, பக்கத்துல க்ரே கலர் வீடு, அதுக்குப் பக்கத்துல இன்னொரு க்ரே கலர் வீடு. "க்ரே கலர் வீடு"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

கடைசில நான்தான் செருப்பை மாட்டிட்டுப் போய் வேலிக்கு மேல கைய நீட்டி பிரியாணிய வாங்கிட்டு வந்தேன்.

நாங்க இருக்கிறது டார்னீட். மெல்பர்ன் சிட்டில இருந்து மேற்க ஒரு 25 கிலோமீட்டர். மொதல்ல ரெண்டு வருஷம் டேண்டினாங்ல வாடகைக்கு இருந்தோம், அப்புறம் எங்க பட்ஜெட்டுக்கு இங்கதான் இடம் கிடைச்சுது. 2015ல ரயில்வே ஸ்டேஷன் திறந்த பிறகு ஊரு வளர்ந்த வளர்த்தி இருக்கே, 2021 கணக்கெடுப்புலயே 56 ஆயிரம் பேரைத் தாண்டிடுச்சு, அதுக்கப்புறம் எங்கள மாதிரி எத்தனை பேரோ. ரயிலும் ஜீலாங்கில இருந்து வர்ற டீசல் வண்டி, நம்ம ஸ்டேஷனுக்கு வர்றப்பவே சீட்டெல்லாம் நிறைஞ்சிருக்கும். அதெல்லாம் பழகிருச்சு. காத்துகூட பழகிருச்சு. மரமே இல்லாத பொட்டல்ங்கிறதால காத்து அடிச்சா அடிதான், எங்க வீட்டு குப்பைத் தொட்டி ஒரு நாள் மூணு வீடு தள்ளிப் போய்ப் படுத்திருந்துச்சு. மஞ்ச மூடி யாரோடதுன்னு கண்டுபிடிக்க எல்லாரும் வெளிய வந்தோம், அன்னைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரங்க பேரே தெரிஞ்சுது.

பழகாதது ஒண்ணே ஒண்ணு, இந்த அட்ரஸ் விவகாரம்தான்.

கோவில்பட்டில எங்க வீட்டுக்கு டோர் நம்பர் இருந்துச்சான்னே எனக்கு ஞாபகம் இல்ல. இருந்திருக்கும், யாரு கேட்டா? பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி யார்கிட்ட வேணாலும் "தீப்பெட்டி ஆபீஸ் சந்து"ன்னு சொல்லணும். எந்த தீப்பெட்டி ஆபீஸ்னு கேப்பாங்க, ஏன்னா அங்க தெருவுக்கு ஒண்ணு. வேப்பமரத்தடில புரோட்டாக் கடை இருக்குல்ல அதுக்குப் பின்னாடின்னா அவ்வளவுதான், கொண்டாந்து வாசல்லயே விட்டுட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அப்பா சவுக்கியமான்னு கேட்டுட்டுத்தான் போவாங்க. அந்த புரோட்டாக் கடைய மூடிப் பல வருஷம் ஆச்சு. இன்னைக்கும் வழி சொல்றது அதை வச்சுத்தான்.

இங்க வந்த புதுசுல அம்மா வீடியோ கால்ல மொதக் கேள்வியே "பக்கத்துல என்னய்யா இருக்கு?" போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "வீடு வீடா இருக்கு, ஆளையே காணோம், எல்லாரும் எங்க போனாவ?"ன்னு கேட்டாங்க. ஆபீஸ் போயிருக்காங்கம்மான்னேன். "ஞாயித்துக்கிழமையுமா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே நின்னுருச்சு. சரி, உண்மையிலேயே பக்கத்துல என்னதான் இருக்குன்னு சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சேன். டிசம்பர்ல ராத்திரி எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும், நல்லா நடக்கலாம். அப்படி எஸ்டேட் முடியுற எடத்துல, பாதி வெட்டின ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவரைப் பாத்தேன். இடுப்பு உயரம், கருங்கல்லு, சிமெண்ட் கிடையாது, சும்மா கல்லு மேல கல்லு அடுக்கி வச்சிருக்கு, அங்கங்க சரிஞ்சு கெடக்கு. மெல்பர்னுக்கு மேற்க பூரா எப்பவோ எரிமலைக் குழம்பு ஓடி இறுகின பூமி, எங்க தோண்டினாலும் இந்தக் கல்லுதான். 1800கள்ல வெள்ளைக்காரங்க ஆடு மேய்க்க நிலத்தைத் திருத்துறப்ப பொறுக்கின கல்ல அப்படியே வேலியா அடுக்கியிருக்காங்க. வீடு கட்டுறப்ப பாறை வந்தா எக்ஸ்ட்ரா பணம்னு பில்டர் ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கினாரே, அந்தப் பாறைதான் இதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. வந்துச்சு. குடுத்தோம்.

மண்ணும் அப்படித்தான். சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்ல "ஹைலி ரியாக்டிவ் க்ளே"ன்னு பயமுறுத்துற மாதிரி போட்டிருந்துச்சு, ஈரத்துல உப்பும் வெயில்ல சுருங்கும், அதனால அஸ்திவாரம் கனமாப் போடணும்னு சொன்னாங்க. ஜனவரி வெயில்ல பின்னாடி தோட்டத்துல போய்ப் பாத்தா பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. குத்த வச்சு உக்காந்து விரலை விட்டுப் பாத்தேன், ரெண்டு கணு உள்ள போச்சு. இதுக்கா அத்தனை இங்கிலீஷு? நம்ம கரிசல்ல இது! சித்திரை வெயில்ல தாத்தா காட்டுல வெடிப்புக்குள்ள அஞ்சு பைசாவப் போட்டுட்டு, எடுக்க முடியாம அழுதவன் நான். டார்னீட்டுன்னா இங்க இருந்த பூர்வகுடி பாஷையில வெள்ளைன்னு அர்த்தமாம். வெள்ளையாவது, மழை பேஞ்சா செருப்புல அப்பிக்கிட்டு ஒரு கிலோ கனக்குது, அதே கருப்பு, அதே பிடிவாதம். வீட்டம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டு "எதைத் தொலைச்சீங்க?"ன்னு கேட்டா.

அப்புறம் எல்லாருக்கும் வழி சொல்றப்ப கல்லுச்சுவர்னு சொல்ல ஆரம்பிச்சேன். "லீக்ஸ் ரோட்ல இருந்து உள்ள வந்து, அந்தப் பழைய கல்லுச்சுவர் தாண்டி ரெண்டாவது லெஃப்ட்." சன்ஷைன் முருகன் கோயில்ல ஒருத்தருக்கு இப்படிச் சொல்றேன், அவர் "ஓ, அந்தச் சுவரா"ன்னாரு பாருங்க, அன்னைக்கு எனக்கு ஏதோ பட்டா கிடைச்ச மாதிரி இருந்துச்சு. நானும் இந்த ஊர்க்காரன் ஆயிட்டேன்னு கார்ல வர்ற வழியெல்லாம் ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து படுத்தா செண்பகவல்லி அம்மன் கோயில் தெப்பத்துப் படிக்கட்டுல நிக்கிற மாதிரி கனவு.

போன வாரம் தங்கச்சி மகளோட சடங்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. வாட்ஸ்ஆப்ல அனுப்பினாப் போதும்மான்னு சொன்னேன், தாய்மாமனுக்குப் போன்லயா பத்திரிகை வைப்பாங்கன்னு ஒரே சத்தம். கவர் மேல தங்கச்சி இங்கிலீஷ்ல நம்பர், தெரு, டார்னீட், 3029 எல்லாம் அழகா எழுதியிருக்கா. அதுக்குக் கீழ, நீலப் பால்பாயிண்ட்ல, அம்மாவோட கோணல் எழுத்துல ஒரு வரி.

"கல்லுச்சுவர் பக்கம்."