நான்கு பேர், ஒரே மேடை: அடிதடி விளையாட்டின் முன்மாதிரி, இதுவரை

யோசனை இதுதான்: நான்கு பேர், ஒரு மிதக்கும் மேடை. அடித்து வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு கிடையாது. வாங்கிய அடி சேரச் சேர அடுத்த அடியில் இன்னும் தூரமாகப் பறப்பார்கள். 1999இல் நின்டெண்டோ 64க்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் நிலைநிறுத்திய முறை இது. அமளி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அது ஆட்டக்காரர்களின் கையிலிருந்து வர வேண்டும். நிரலின் கோளாறால் வரும் அமளியை யாரும் ரசிப்பதில்லை. இதுவரை செய்த வேலையெல்லாம் இந்த இரண்டையும் பிரிப்பதற்குத்தான்.

இன்ஜின் (விளையாட்டை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) கோடாட் 4, வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். மேடையின் அகலம் 800 பிக்சல், உருவத்தின் உயரம் 64, ஈர்ப்பு 1800 பிக்சல்/வினாடி². அடிபட்டவர் கிளம்பும் வேகம் (பிக்சல்/வினாடி) = 300 + சேதம் × 6. சேதம் என்பது அவர் இதுவரை வாங்கிய அடிகளின் கூட்டு. இங்கே வர்க்கச் சூத்திரம் தேவையில்லை. 45 பாகையில் பறப்பவர் கடக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பால் வகுத்தால் வருவது. சேதம் 0 என்றால் 50 பிக்சல், 50 என்றால் 200, 100 என்றால் 450. நேர்கோட்டுச் சூத்திரமே வளைகோட்டின் பலனைத் தந்துவிடுகிறது. மேடை நடுவில் நிற்பவர் சேதம் 100ஐத் தொட்டதும் விளிம்பைத் தாண்டுவார். அந்த எண்ணைச் சுற்றித்தான் ஆட்டத்தின் பதற்றம் நிற்கிறது.

அதிக நேரம் தின்றது அடியைப் பதிவு செய்யும் வரிசை. ஒவ்வொரு உருவமும் தன் முறை வரும்போதே எதிராளியைத் தள்ளிவிட்டால், காட்சி மரத்தில் (உருவங்களை இன்ஜின் வரிசையாக இயக்கும் பட்டியல்) மேலே இருக்கும் பிளேயர் 1 எப்போதும் முந்திக்கொள்வார். ஒரே ஃப்ரேமில் இருவர் அடித்தாலும் இரண்டாமவரின் அடி ரத்தாகிவிடும். கையால் விளையாடிப் பார்த்தால் இது பிடிபடாது. இரண்டு கண்ட்ரோலர்களின் பொத்தானையும் ஒரே ஃப்ரேமில் அழுத்தும் சிறு சோதனை நிரல் வேண்டும். தீர்வு இரண்டு கட்டம்: முதலில் எல்லா அடிகளையும் ஒரு பட்டியலில் சேர்ப்பது, நால்வரையும் பார்த்து முடித்தபின் மொத்தமாகப் பட்டியலை நிறைவேற்றுவது. கூடவே, ஒவ்வொரு வீச்சும் யாரையெல்லாம் தொட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 5 ஃப்ரேம் நீளும் ஒரு குத்து ஐந்து முறை விழும்.

அடி விழுந்ததும் கணநேரம் உறைவது (லேசான அடிக்கு 4 ஃப்ரேம், பலத்த அடிக்கு 8) குத்துக்குக் கனத்தைத் தருகிறது. இதற்கு இன்ஜினின் கால வேகத்தைக் குறைத்தால் நால்வரும் உறைந்துவிடுவார்கள். அந்தச் சண்டையில் இல்லாதவரின் தாவல் கெடும். எனவே ஒவ்வொரு உருவத்துக்கும் தனி கவுண்டர் வைத்து, அடித்தவரும் வாங்கியவரும் மட்டும் நிற்கிறார்கள். உறைந்த நேரத்தில் அழுத்திய பொத்தானைத் தொலைக்காமல் 6 ஃப்ரேம் வரை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மொத்துவது இந்த வகை ஆட்டத்தின் நிரந்தர வியாதி. அடிபட்டவர் செயலிழந்து நிற்கும் நேரம், அவர் கிளம்பும் வேகம் ÷ 50 ஃப்ரேம். அந்த நேரத்துக்குள் மீண்டும் அடி விழுந்தால் புதிய செயலிழப்பு பாதிதான், தள்ளும் வேகம் மட்டும் முழுசாக. சிக்கியவர் எப்படியும் அந்தக் கூட்டத்திலிருந்து பறந்து வெளியேறிவிடுவார்.

கேமரா நால்வரையும் அடக்கும் செவ்வகத்தைக் கணக்கிட்டு, சுற்றிலும் 150 பிக்சல் விடுகிறது. விலகுவது வேகமாக, நெருங்குவது மெதுவாக. இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். ஜூம் 0.6க்குக் கீழே போகக் கூடாது. அங்கேயே உருவம் 38 பிக்சலாகச் சுருங்கி, யார் எவர் என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒரே கீபோர்டில் இருவர் ஆடுவது மலிவான வழி, ஆனால் தொல்லை உண்டு. சாதாரண கீபோர்டில் விசைகள் கட்டம்கட்டமாக ஒயரில் கோக்கப்பட்டவை. சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது. ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை பெரும்பாலும் இதில் சிக்காது. ஆனால் விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கலாமா என்று கேட்கும் பெட்டி எட்டிப்பார்க்கும். பிரவுசரில் ஆடினால் கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்து டேபையே மூடிவிடும். கண்ட்ரோலர்தான் உருப்படியான வழி. எந்தப் பொத்தான் எந்தச் செயல் என்று குறிக்கும் உள்ளீட்டு வரைபடத்தில் ஒவ்வொரு செயலுக்கும் சாதன எண்ணைத் தனியே கொடுக்க வேண்டும். 'எல்லாச் சாதனங்களும்' என்று விட்டால் ஒரு குச்சியை அசைக்க நால்வரும் நடப்பார்கள்.

மேலிருந்து விழும் பொருள்கள் 8 வினாடிக்கு ஒன்று. விழப்போகும் இடத்தில் 60 ஃப்ரேம் முன்பே நிழல் தெரியும். முன்கூட்டித் தெரியும் தற்செயல் சண்டையை அங்கே இழுக்கிறது, தெரியாத தற்செயல் எரிச்சலூட்டுகிறது.

இணையவழி ஆட்டம் இப்போதைக்கு இல்லை. ரோல்பேக் (பின்னோக்கிப் போய்த் திருத்தும்) முறைக்கு, தாமதமாக வந்த உள்ளீட்டைச் சேர்த்துப் பழைய ஃப்ரேம்கள் பலவற்றை ஒரே ஃப்ரேமின் 16.7 மில்லிவினாடிக்குள் மறுபடி ஓட்ட வேண்டும். எல்லாக் கணினியிலும் விடை இம்மி பிசகாமல் ஒத்திருக்கவும் வேண்டும். அடுத்த வேலை அதற்கான அடித்தளம்: நகர்வுக் கணக்கு முழுவதையும் தசம எண்ணிலிருந்து முழு எண்ணுக்கு மாற்றுவது, பொருள்கள் விழும் இடங்களை ஒரே சீடிலிருந்து (தற்செயல் எண்களைப் பிறப்பிக்கும் தொடக்க எண்) எடுப்பது.