தோடி காந்தாரமும் கால் வோல்ட்டும்

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி வைத்தால், கீபோர்டில் அநேகமாக நான்தான் உட்கார்ந்திருப்பேன். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 எனக்குச் சோறு போடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோடி ராகச் சாயலில் ஒரு பாட்டு வந்துவிட்டால் கை கூசும். கட்டை கட்டையாகத்தான் சுரம் விழும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை இடது கையால் ஆட்டி ஒப்பேற்ற வேண்டும். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை ஊதித் தள்ளிய பக்கம் இது. முன்வரிசைப் பெரிசுகள் சும்மா விடுமா?

இந்த எரிச்சல்தான் என்னை மாடுலர் சிந்தசைசர் பக்கம் தள்ளியது. மாட்யூல் என்கிற தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி அது. யூரோராக் என்கிற வகையில் சுரம் என்பதே மின்னழுத்தம். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். சுரஸ்தானம் பன்னிரண்டு, ஆகவே ஒன்றுக்கு 0.083. சட்ஜத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் சாதாரண காந்தாரம் சரியாகக் கால் வோல்ட். தோடியில் அது ஓரிடத்தில் நிற்குமா? கீழே சுத்த ரிஷபம் 0.083, மேலே சுத்த மத்யமம் 0.417, இரண்டுக்கும் நடுவே ஆடும். கூட்டிப் பாதியாக்கினால் அதே 0.25! இதைத் தாளில் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கம் போச்சு.

யூரோராக்கைத் திரையிலேயே காட்டும் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் இறக்கினேன். மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் தரும் எல்எஃப்ஓவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, ஒலி எழுப்பும் ஆசிலேட்டரில் சொருகி, நடுவே அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் குமிழை மயிரிழை மட்டும் திறந்தேன். அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது: "ஏங்க, வாசல்ல ஆம்புலன்ஸ் ஏதும் நிக்குதா?"

எல்எஃப்ஓ தந்த சைன் அலை ஏறுகிற மாதிரியே இறங்கும். சுரத்தை ஆட்டுகிற நம்ம கமகம் அப்படியா? ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிக் குமிழ் உள்ள ஃபங்ஷன் ஜெனரேட்டரை மாட்டியதும் கொஞ்சம் தோடி எட்டிப் பார்த்தது. தெரிந்த நாயனக்காரர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். "சரி தம்பி, நான் காலப்பிரமாணத்தைக் கூட்டினா இது என்ன பண்ணும்?" என்றார். அதற்கு வேகத்தைக் கணக்கிட்டுத் துடிப்பு தரும் ஒரு கிளாக் மாட்யூல் வேண்டும். இந்த விவகாரத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் இன்னொரு மாட்யூல்தான்.

1969-லேயே ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் என்ற மாடுலர் சிந்தசைசரை வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு ஆசை வர இத்தனை வருஷம்.

மேடைக்கு இது உதவாது, தெரியும். கீபோர்டில் ஒரு எண்ணை அமுக்கினால் அடுத்த பாட்டின் டோன் வந்துவிடும். இதில் ஒயர்களைப் பிடுங்கினால் போனது போனதுதான். கோயில் ஜெனரேட்டர் கரண்டை நம்பி வைக்கவும் பயம்.

ஆனாலும் ஆடி மாசக் கச்சேரிப் பணம் வந்ததும் ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர், 42 எச்பி (யூரோராக்கின் அகல அளவு) பெட்டி ஒன்று வாங்குவதாக இருக்கிறேன். 21 செ.மீ. சொச்சம் அகலம்தான். வீட்டில் அகலத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன், விலையை இன்னும் சொல்லவில்லை.