மாடியில் ஒரு நாட்

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவின் ரத்தத்தில் சோடியம் 121. குறைவு.

செப்டம்பர் 15, திங்கள்

பழைய விமானப்படை நினைப்பில் அப்பா இன்றும் என்னைக் கார்ப்பரல் என்றே கூப்பிட்டார். உப்பு ஏற ஏறத் தெளிந்துவிடுவார் என்கிறார் டாக்டர். "நாலாம் நம்பர் இறங்கிவிட்டதா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, "இறங்கிவிட்டது சார்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 17, புதன்

வார்டில் எனக்குக் கொடுத்திருப்பது சாய்வு நாற்காலியாம். நாற்காலி சாய்வதில்லை, நான்தான் சாய்கிறேன். தூக்கம் வராமல் மறுபடியும் அந்தப் பழைய டகோட்டா சரக்கு விமானத்தைப் பற்றிப் படித்தேன். பழைய இரும்பாகப் போகவிருந்ததை 2011இல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவருடைய அப்பா ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர், விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தில் அதைச் சீர்செய்து, அங்கிருந்து பறந்தே கொண்டுவந்தார்கள். பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவுதி, பஹ்ரைன், ஓமன், ஜாம்நகர், கடைசியில் ஹிண்டன். 2018 ஏப்ரல். பரசுராமா என்று பெயர் வைத்து, விபி 905 என்ற எண்ணை எழுதினார்கள். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையோடு முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது.

பொறாமை. கலப்படமில்லாத பொறாமை. டகோட்டா மேல் எனக்கு ஆசை கிடையாது. இறக்கை 95 அடி, எங்கள் தெருவே 20 அடி. பொறாமை அந்தப் பிள்ளை மேல்.

செப்டம்பர் 18, வியாழன்

124. அரை டம்ளர் கஞ்சி.

செப்டம்பர் 19, வெள்ளி

குளிக்க வீட்டுக்கு வந்தவள் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைக் கழித்தால் 32க்கு 27 அடி. அப்பா காலத்து நாட் என்ற குட்டிப் போர் விமானத்தின் நீளம் 28 அடி 8 அங்குலம், இறக்கை 22 அடி சொச்சம். உள்ளே அடங்குகிறது! கொடிக்கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டும். எடைதான் உதைக்கிறது. வெறும் கூடே 2,000 கிலோவுக்கு மேல். நிரம்பிய ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டை மூன்று சக்கரத்தின் மேல் நிறுத்தியது போல. தளம் தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்க வேண்டும், என்ன சொல்லிக் கேட்பது?

"எதற்கடி இந்த வெயிலில் டேப்?" என்றாள் அம்மா.

"செடி வைக்க."

இங்கிலாந்தில் நார்த் வீல்ட் விமானத் தளத்தில் தனியார் சிலர் நாட் வைத்துக்கொண்டு ஓட்டவும் செய்கிறார்கள். எனக்கு ஓட்ட வேண்டாம். பறந்து முடித்த ஒன்று போதும். இறக்கைக்கு அடியில் ஒரு கயிற்றுக் கட்டில்.

செப்டம்பர் 20, சனி

தூங்குகிறார். பள்ளி நாளில் கோளரங்கம் பார்க்கவென்று கோட்டூர்புரத்துக்குக் கூட்டிப்போனார். வெளியே நின்ற மாருத் போர் விமானத்தின் அடியிலேயே பொழுது போய்விட்டது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்தது, மொத்தம் 147 செய்தார்கள். அப்பா அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு நல்ல உடம்பு. மூச்சுதான் போதவில்லை. அதே ஆர்ஃபியஸ் எஞ்சின். நாட் விமானத்துக்கு ஒன்று போதும், இதற்கு இரண்டு இருந்தும் போதாது." எனக்கு அன்று கோளரங்கம் பார்க்க முடியாத கோபம். எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று நினைவில்லை.

இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் எடுத்த ரத்தத்தை எங்கோ வைத்துவிட்டார்களாம். மறுபடி குத்தினார்கள். யார் மேலும் நான் கத்தவில்லை. லிஃப்டில் தனியாக வந்தபோது கத்தினேன்.

தம்பி போனில் சிரிக்கிறான். ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லாத வீட்டில் போர் விமானமாம். அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 24, புதன்

129! என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைத் தொடாமல் காலைப் பாதி தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வலது பெருவிரல் நகத்தில் இன்னும் அந்தக் கறுப்புத் தழும்பு, அம்பாலாவில் ஜாக்கி விழுந்தது. சோதிப்போம் என்று, "நாட் விமானத்துக்கு ஏர்பிரேக் எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். பறக்கும்போது வேகத்தைக் குறைப்பது அது. என்னை முறைத்தார். "அதற்கு ஏது தனி பிரேக்? சக்கரத்தைப் பாதி இறக்கு, அதுவே பிரேக்." சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தார்.

செப்டம்பர் 26, வெள்ளி

சண்டிகரில் இன்று மிக்-21 போர் விமானத்துக்கு வழியனுப்பு. 1963இல் வந்தது, 62 ஆண்டுகள். வார்டு டிவியில் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்வதைக் காட்டினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் கைதட்டினார். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா, "நம்முடையது இல்லை, சத்தத்தைக் குறை" என்றார்.

பிறகு, "உன் செடி எப்படி இருக்கிறது?" என்றார். அம்மா சொல்லியிருக்கிறாள். சரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். 32 அடி, 27 அடி, தொட்டி, தளம், கொடிக்கயிறு. கேலி செய்வார் என்று பார்த்தேன். நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்கே."

"தொட்டி இடிக்கும். தொட்டியை நகர்த்து."

செப்டம்பர் 27, சனி

காலை 6.10. ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சோடியம் இன்னும் வரவில்லை.