நெளிதலும் துடித்தலும்

நெளிதல், புரளுதல், துடித்தல், துவளுதல், திமிறுதல், உழலுதல், தவித்தல், தத்தளித்தல் ஆகிய வினைகளை ஒரே வரிசையில் எழுதிப் பார்த்தால், எல்லாமே நிலைகொள்ளாத ஓர் உடலைக் குறிப்பனவாகத்தான் தோன்றும். அகராதிகளும் பல நேரம் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் தமிழில் பிறந்து வளர்ந்தவர் எவரும் இவற்றை மாற்றிப் போட்டுப் பேசுவதில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மலையாள உரைநடையைத் தமிழாக்கும் எனக்கு, நாள்தோறும் இந்தச் சொற்களோடுதான் பழக்கம். அசைவை உண்டாக்குவது யார், அசைகிறவருக்கு அதில் இசைவு உண்டா, விடுபட வழி இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு வினையும் தனக்கென்று ஒரு விடையை வைத்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஈர மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிகிறது. வளைவு உடலின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓட வேண்டும். அப்போதுதான் அது நெளிவு. அதனால்தான் ஆறும் வரப்பும் ஒற்றையடிப் பாதையும் நெளிந்து செல்கின்றன. அவற்றுக்கு வலி எதுவும் இல்லை. அதே புழு வெயிலேறிய தார்ச்சாலைக்கு வந்துவிட்டால் துடிக்கிறது. அனலில் இட்ட புழுப்போலத் துடித்தாள் என்று எழுதும் இடத்தில் நெளிந்தாள் என்று எழுதினால் அனலின் சூடே குறைந்துவிடும். துடித்தலுக்கு முழு உடலும் தேவையில்லை. நாடி துடிக்கும், உதடு துடிக்கும், இமை துடிக்கும், கோபத்தில் மீசையும் துடிக்கும். விட்டு விட்டு வரும் அதிர்வே அதன் உயிர். பழந்தமிழில் துடி என்பது ஒரு தோற்கருவியின் பெயராகவும் இருந்தது. மனிதர் நெளிவது வேறு வகை. விடை தெரியாத மாணவன் ஆசிரியர் முன் நெளிகிறான். கடனைத் திருப்பிக் கேட்கப்பட்டவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே நெளிகிறார். எழுந்து போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்ற நிலையை அந்த ஒரு சொல் முழுவதுமாகச் சொல்லிவிடுகிறது.

திமிறுவதற்கு எதிரே ஒரு பிடி வேண்டும். பிடிக்க ஆளில்லாமல் யாரும் திமிற முடியாது. துவளும்போது வலிமை போய்விட்டிருக்கும். தத்தளிப்பில் காலுக்கு நிலம் எட்டுவதில்லை.

இந்த வினைகளின் இலக்கணத்தைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். புரளுக்குப் புரட்டு, சுருளுக்குச் சுருட்டு, சுழலுக்குச் சுழற்று, முறுகுக்கு முறுக்கு என்று சிலவற்றுக்குப் பிறவினை உண்டு. துடி, தவி, திமிறு, தத்தளி ஆகியவற்றுக்கு அப்படி ஒரு துணைச்சொல் வழக்கில் இல்லை. ஒருவரைத் துடிக்க வைக்கலாம், தவிக்க விடலாம். சுருட்டுவதுபோல நேரடியாக அதைச் செய்ய முடியாது. வெளியிலிருந்து ஒரு கை செய்யக்கூடிய அசைவுக்கு மொழி பிறவினையைத் தந்திருக்கிறது. உள்ளிருந்து மட்டுமே எழும் அசைவுக்கு அதைத் தரவில்லை. நெளிதல் நடுவில் நிற்கிறது: நாமாகவும் நெளிகிறோம், உடம்பை நெளிக்கவும் செய்கிறோம்.

வயிற்று உபாதைகளைச் சொல்லும்போது இந்த நுட்பம் உச்சத்துக்குப் போகிறது. வயிற்றை முறுக்குகிறது, வயிற்றைப் பிசைகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, வயிற்றைக் கலக்குகிறது என நான்கு தொடர்கள் இருக்கின்றன. முதலாவது இழுத்துப் பிடிக்கும் வலி, இரண்டாவது பசியோ கவலையோ, மூன்றாவது குமட்டல், நான்காவது அச்சம் அல்லது பேதி. நான்கிலும் வினை செயப்படுபொருளை ஏற்கிறது, வயிறு இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது, ஆனால் எழுவாய் இல்லை. முறுக்குவது யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பிறவினையைப் பயன்படுத்திவிட்டுச் செய்பவரின் இடத்தைக் காலியாக விட்டிருக்கும் இந்த அமைப்பைப் பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

எங்கள் எல்லைப் பகுதியில் இந்தச் சொற்களுக்குப் பக்கத்திலேயே மலையாளத்து உறவுச் சொற்களும் நடமாடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பேச்சு அந்த எல்லைக்கோட்டை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கயிற்றுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அழுகவைத்த கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அடித்துத் தும்பு எனும் நாரை எடுத்து, அந்தத் தும்பை ராட்டின் கொக்கியில் மாட்டி, இடுப்பில் கட்டிய மடியிலிருந்து விரலால் தும்பை விட்டுக்கொண்டே பெண்கள் பின்னோக்கி நடப்பார்கள். ராட்டு சுற்றச் சுற்ற இழை முறுகும். பிறகு இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒவ்வோர் இழையும் தன் முறுக்கை அவிழ்க்க முயல்கிறது, அந்த முயற்சியே இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடுகிறது. இதைத் தமிழில் கயிறு திரித்தல் என்கிறோம். மலையாளத்தில் இதே வேலைக்குக் கயர் பிரிக்குக என்று பெயர். தமிழ்க் காதுக்குக் கயிற்றைப் பிரிப்பது என்றால் திரித்ததை அவிழ்ப்பது! மலையாளத்துப் பிரிக்கு நம்மிடம் நெருக்கமாக இருப்பது புரி. முப்புரி நூலிலும் வலம்புரிச் சங்கிலும் அது இருக்கிறது.

புரளுக என்ற மலையாளச் சொல் பெரும்பாலும் பூசப்படுதலைக் குறிக்கும். சேறு புரண்ட உடுப்பு என்றால் சேறு அப்பிய உடுப்பு. சேற்றில் புரண்டவர்மேல் சேறு ஒட்டத்தானே செய்யும் என்று எண்ணினால் இரண்டும் அதிகம் விலகவில்லை. ஆனால் ஞெளியுக என்ற சொல் உண்மையிலேயே ஆபத்தானது. ஒருவர் கசேரயில் (நாற்காலியில்) ஞெளிஞ்ஞிருந்நு என்று வந்தால் அவர் மார்பை நிமிர்த்திப் பெருமிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஒலியை நம்பி நெளிந்துகொண்டிருந்தார் என்று தமிழில் எழுதினால் செருக்குள்ளவர் கூச்சக்காரராகிவிடுவார்.

இந்த வேறுபாடுகளைக் கவனிப்பது புதிய பழக்கமும் அன்று. தொல்காப்பியத்தின் உரியியல் "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்கிறது. இரண்டுக்கும் ஒரே பொருள் தந்திருந்தாலும், மனம் சுழல்வதைச் சொல்ல அன்றே ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. "சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்" என்று தொடங்கும் குறள், வேறு தொழில்களைத் தேடி அலைவதைச் சுழன்றும் என்றும், உழவின் பாட்டை உழந்தும் என்றும் பிரித்துச் சொல்கிறது. உழத்தல் பாடுபடுதல், அதற்குப் பயன் உண்டு. அதன் அருகில் ஒலிக்கும் உழலுதலுக்கு அந்தப் பயன் இல்லை. வறுமையில் உழல்கிறார் என்றால் ஆண்டுக்கணக்காக அதே வட்டத்துக்குள் சுற்றுகிறார். வறுமையில் துடித்தார் என்பது ஒரு பொழுதின் வேதனையாக மட்டும் நின்றுவிடும்.

மலையாளத்தில் ஞெளிபிரி கொள்ளுக என்றொரு தொடர் உண்டு; உடலோ மனமோ நிலைகொள்ளாமல் வளைந்து முறுகுவதை அது ஒருசேரக் குறிக்கும். இதற்குத் தமிழில் ஒரே ஈட்டை வைத்துக்கொள்ள முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணம் வலி என்றால் துடித்தார் என்றும் படுக்கையில் இருந்தால் புரண்டார் என்றும் எழுதுகிறேன். பிறர் பார்வைக்கு அஞ்சி உட்கார்ந்திருந்தால் நெளிந்தார். கடிதத்துக்கோ மருத்துவரின் சொல்லுக்கோ காத்திருக்கிறவர் என்றால் இருப்புக்கொள்ளாமல் தவித்தார்.