அணிக்கோவை தெரியும், டிடர்மினன்ட் தெரியாது

2022-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்பதால் வீட்டில் பணத்தைப் பற்றிய பேச்சு நின்றது. என் கவலை முதல் கணக்கு வகுப்பில் ஆரம்பித்தது.

சார் டிடர்மினன்ட், டிடர்மினன்ட் என்று பத்து நிமிடம் விளக்கிக்கொண்டே போனார், பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், அவர் எண்களை எழுதி இருபுறமும் நேர்கோடு போட்ட பிறகுதான் அட, இது அணிக்கோவை ஆச்சே என்று பிடிபட்டது. அதற்குள் விளக்கம் முடிந்துவிட்டது. முதல் இன்டர்னலில் 50-க்கு 14. தெரியாத கணக்கு என்று அதில் அதிகம் இல்லை, கேள்வி என்ன கேட்கிறது என்பதே புரியவில்லை. 'வெரிஃபை' என்றால் சரிபார்க்க, 'இவாலுவேட்' என்றால் மதிப்பு காண்க, இவ்வளவுதான் விஷயம்.

அன்று ராத்திரி விடுதி அண்ணன் ஒருவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "பன்னெண்டாவது புக்கை இங்கிலீஷ்ல டவுன்லோடு பண்ணுடா தம்பி, உன் தமிழ் புக்கைப் பக்கத்துல வச்சுக்கோ" என்றார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு மீடியத்துக்கும் ஒரே பாடம், ஒரே கணக்குகள், பிடிஎஃப் இலவசம். கணக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் மூளைக்கு மொழி மட்டும்தான் வேலை. வகையிடல் டிஃபரன்சியேஷன், தொகையிடல் இன்டகிரேஷன், உந்தம் மொமென்டம், நிலைமம் இனர்ஷியா என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் ஒரு கணக்கையும் போட்டு வைத்தேன். வெறும் சொல்லாக மனப்பாடம் செய்தது எதுவும் மறுநாள் வரை நிற்கவில்லை, கணக்கோடு சேர்த்து எழுதியதுதான் நின்றது.

அப்புறம் நோட்ஸ். பள்ளியில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகியவன், இங்கே எல்லாவற்றையும் எழுதப் பார்த்து எதையும் கேட்காமல் விட்டேன். பிறகு போர்டில் இருப்பதை மட்டும் எழுதி, புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, வகுப்பு முடிந்ததும் சாரிடம் தமிழிலேயே கேட்டேன். அவரும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். கேட்கப் பயந்து ஒரு மாதத்தை வீணாக்கியதுதான் இப்போதும் மனதை உறுத்துகிறது.

அதே செமஸ்டரில் 'தமிழர் மரபு' என்று ஒரு தாள் உண்டு, தமிழிலேயே எழுதலாம். நிமிராமல் எழுதினேன். நமக்குப் படிப்பு வராதோ என்று அதுவரை இருந்த பயம் அந்த ஹாலிலேயே போய்விட்டது.

கணக்கில் பாஸ். இயற்பியலில் அரியர் விழுந்தது, அடுத்த முறை எழுதி முடித்தேன்.

இந்த வருஷம் சேரப்போகிறவர்கள், ரிசல்ட் வந்ததற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் மாதங்களை விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் அணிகள்தான், எங்களுக்குக் கல்லூரிக் கணக்கின் முதல் யூனிட்டும் அதுதான். அந்த ஒரு பாடத்தை இரண்டு புத்தகத்திலும் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.